சாணைக்கல்லில் அரைத்த சந்தனம்

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் நான் ஃபோர்மேனாக வேலை பார்த்த பட்டறையில் கார்களைத் தூக்கும் லிஃப்ட் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் கிளம்புவதற்கு முன் யாரோ இறக்குமதி செய்து, யாரோ விற்று, யாரோ வாங்கி, கடைசியில் எங்கள் முதலாளியிடம் வந்து சேர்ந்தது. தரைக்குள் ஆள் உயரத்துக்கும் மேலான குழி. குழிக்குள் இரும்புக் குழாய், குழாய் நிறைய எண்ணெய், எண்ணெயில் மூழ்கிய பளபளப்பான ஒரு தூண். லிவரைத் திருப்பினால் காற்று எண்ணெயை அமுக்கும், எண்ணெய் தூணைத் தள்ளும், தூண் தலையில் காரைச் சுமந்துகொண்டு மேலே எழும்பும். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் இப்படி ஒன்று வேறெங்கும் கிடையாது என்று முதலாளி சொல்வார். உண்டா இல்லையா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

தூணின் உச்சியில் காரைத் தாங்குவதற்குக் குறுக்கும் நெடுக்குமாக ஓர் இரும்புச் சட்டம் இருந்தது. சர்ச் கமிட்டியில் பொருளாளரான எங்கள் முதலாளிக்கு அது சிலுவையாகத் தெரிந்தது. கீழே எண்ணெய் வழிய நின்ற தூண், அதை இயக்கியவர் கண்ணுக்குச் சாமியாகத் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அதனால் வியாபாரம் நன்றாக நடந்தது.

இயக்கியவரை நாங்கள் லிஃப்ட் அண்ணன் என்போம். கீழ்க்கட்டளைக்காரர், நாற்பது தாண்டியவர், நல்ல உயரம். கார் கழுவுவது, அடியில் எண்ணெய் அடிப்பது, லிவரைப் பிடிப்பது மூன்றும் அவர் வேலை. முதல் இரண்டைச் சம்பளத்துக்குச் செய்தார். மூன்றாவதை ஆசைக்குச் செய்தார். காலையில் வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் துணியெடுத்துத் தூணைத் துடைப்பார். லிவரை வேறு யாராவது தொட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். நான் பி.எஸ்ஸி.யில் இரண்டு முறை தோற்றுக் காட்டிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச் வாசலில் அப்பா முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அடுத்த நாள் என் கையில் ஸ்பானர். நான்கு வருஷத்தில் ஃபோர்மேன் ஆகிவிட்டேன். திறமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன் இருந்த ஃபோர்மேன் ஆவடிக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார் என்பதுதான் உண்மை.

பட்டறையில் ஆயுத பூஜைக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. முதல் நாள் சாயந்திரம் முதலாளி எல்லோரும் கேட்கும்படி சொல்வார்.

"நாளைக்கு நான் ஊரப்பாக்கம் போறேன், தங்கச்சி வீட்டுக்கு. நான் இல்லாதப்ப இங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

சொல்லிவிட்டு, தன் வீட்டுத் தோட்டத்தில் காய்த்த பூசணிக்காய் ஒன்றை ஆபீஸ் மேஜை மேல் மறந்து வைத்துவிட்டுப் போவார். வருஷம் தவறாமல் மறப்பார். பதிலுக்குக் கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி சுட்ட கேக்கை எல்லோரும் சாப்பிடுவோம். மத நல்லிணக்கம் என்று இப்போது மேடையில் பேசுகிறார்கள். எங்களுக்கு அது பூசணிக்காயும் கேக்கும்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம். வழக்கமாக லிஃப்ட் அண்ணனின் மனைவி வீட்டிலேயே சந்தனம் அரைத்து வாழையிலையில் மடித்துக் கொடுத்தனுப்புவார். அந்த வருஷம் அந்த அக்கா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். அதனால் அண்ணன் சந்தனக் கட்டையை மட்டும் கொண்டுவந்தார்.

"கல்ல எடுத்தாற மறந்துட்டேன் சார். இப்போ இன்னா பண்றது?" என்றார்.

"என்கிட்ட கொடுங்க அண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் சந்தனக் கல் இருந்ததில்லை. சந்தனம் அரைத்து நான் பார்த்ததும் இல்லை. பட்டறைக் கிடங்கில் உளி தீட்டுகிற சாணைக்கல் ஒன்று புதிதாக வந்து, காகிதம்கூடப் பிரிக்காமல் கிடந்தது. கல் என்றால் கல்தானே. தண்ணீர் தெளித்து அதன் சொரசொரப்பான பக்கத்தில் கட்டையைத் தேய்த்தேன். கால் மணியில் ஒரு கிண்ணம் நிறைந்துவிட்டது.

லிஃப்ட் அண்ணன் கிண்ணத்தைப் பார்த்து அசந்து போனார்.

"எங்க வூட்ல ஒரு மணி நேரம் ஆவும் சார். கொஞ்சம் சாம்பலா கீதே?"

"புதுக் கட்டை, அப்படித்தான் இருக்கும்" என்றேன். எதையும் தெரியாது என்று சொல்லிப் பழகாத வயது.

லிஃப்டை முழு உயரத்துக்கு ஏற்றி நிறுத்தினோம். அண்ணன் தூணின் உச்சியிலிருந்து தரைவரை சந்தனத்தைக் குளிரக் குளிரப் பூசினார், குங்குமம் வைத்தார், மாலை போட்டார். ஸ்பானர், ஜாக்கி, கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு. மறந்து வைக்கப்பட்ட பூசணிக்காய் ரோட்டில் உடைந்தது. பொரியும் கடலையும் தின்றோம். கடைசியில் கிண்ணத்தில் மீந்ததை எல்லோரும் நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். நானும் இட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்டேஷன் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன்.

அம்மா கதவைத் திறந்ததும் "நெத்தில என்னடா சிராய்ப்பு?" என்று கேட்டார். வண்டியில் இடித்துக்கொண்டேன் என்றேன். விடுமுறை முடிந்து பட்டறைக்குப் போனால் மற்ற நால்வர் நெற்றியும் சிவந்து கிடந்தது. வெயில் சூடு என்று ஒருவர் சொன்னார். ஐந்து பேருக்கும் நெற்றியில் மட்டும் வெயில் அடித்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, காய்ந்த சந்தனத்தைத் துணியால் துடைத்துவிட்டு லிஃப்டைக் கீழே இறக்கினோம்.

மூன்று வாரம் கழித்து எங்கள் சர்ச் போதகர் காரோடு வந்தார்.

லிஃப்ட் ஏறும்போது காருக்குள் யாரும் உட்காரக் கூடாது என்பது பட்டறைச் சட்டம். போதகருக்கு முதுகுவலி, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் வேறு எழுதி முடிக்கவில்லை. "நான் இப்படியே உக்காந்திருக்கேனே" என்றார். பொருளாளர் போதகரை எப்படி இறங்கச் சொல்வார்? அண்ணன் லிவரைத் திருப்பினார். போதகர் மடியில் வேதாகமத்தோடு அம்பாசிடரில் பரலோகத்தை நோக்கி எழும்பினார். அண்ணன் கீழே நின்று அடிப்பாகத்தில் எண்ணெய் அடிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் ஒரு கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் குரல் கேட்டது.

"சார், தலைல இன்னாமோ தட்டுது."

நிமிர்ந்து பார்த்தேன். நிமிர்ந்து நின்றிருந்த மனிதர் குனிந்திருந்தார். நான் பார்க்கப் பார்க்க இன்னும் குனிந்தார். லிஃப்ட் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. தூணைச் சுற்றித் தரையிலிருந்து எண்ணெய் கொப்பளித்து வழிந்தது. "வெளிய வாங்க" என்று கத்தினேன். அண்ணன் எண்ணெயில் சறுக்கி, தவழ்ந்து, ஒரு செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். போதகர் எதையும் கவனிக்கவில்லை. கார் தரையைத் தொட்டதும் கண்ணாடியைக் கழற்றி, "ஆச்சா?" என்று கேட்டார்.

லிஃப்ட் செருப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. 

எங்கள் முதலாளிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், இங்கிலீஷுக்கு மாறுவார். கோபம் எவ்வளவோ அவ்வளவு நீளமான வாக்கியம். அன்று அவர் பேசிய முதல் வாக்கியம் முடிவதற்குள் ரோட்டில் மூன்று பஸ் போய்விட்டது. பிறகு குனிந்து தூணைப் பார்த்தார். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல்கள். தூண் தரைக்குள் நுழையும் வாயில் இரும்பு வளையத்தின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டி முகர்ந்தார்.

"யாரு இதுல சந்தனம் பூசினது?"

தமிழில் கேட்டார். போதகர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"நான்தான் சார்" என்றார் லிஃப்ட் அண்ணன். ஒற்றைச் செருப்போடு நின்றார். "வருசா வருசம் பூசறதுதான் சார்."

"வருஷா வருஷமா?" என்றார் போதகர், முதலாளியைப் பார்த்து.

பொருளாளரின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அண்ணனுக்கு வேலை போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் முதலாளி கணக்குத் தெரிந்தவர். லிஃப்டைப் பிரித்துச் சேர்க்க ஆள் வேண்டும். "அட்வென்ட் ஞாயிறுக்குள்ள இது பழையபடி நிக்கணும். நிக்கலைன்னா திங்கக்கிழமை நீ வர வேண்டாம்" என்றார். வீட்டில் மூன்று பெண் குழந்தைகள், புதிதாகப் பிறந்த கைக்குழந்தை ஒன்று. அண்ணன் தலையாட்டினார். கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முந்திய ஞாயிறு அது, எண்ணி மூன்றே வாரம் இருந்தது.

மறுநாள் லிஃப்டைப் பிரித்தோம். மழை பிடித்துக்கொண்ட மாதம். மேலே தகரக் கூரை, கீழே குழியில் ஊற்றுத் தண்ணீர். மூங்கிலில் முக்காலி கட்டி, செயின் புல்லி மாட்டி, தூணின் தலையிலிருந்த சட்டத்தைக் கழற்றித் தூக்கி வைத்தோம். தரை மட்டத்தில் எட்டு போல்ட்டைக் கழற்றினால் இரும்பு வளையம் வரும். அதற்குள்தான் தோல் வளையம் இருக்கிறது. அந்த லிஃப்டின் உயிர் அந்தத் தோலில். எண்ணெய் வெளியே வராமல் தூணைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

தோல் வளையம் சந்தன மணத்தோடு வெளியே வந்தது. நான் அதை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டினேன். நறநறவென்றது. இந்த நறநறப்பு எனக்கு நன்றாகத் தெரியும். வால்வு தேய்க்கிற பேஸ்ட்டை விரலில் எடுத்தால் இப்படித்தான் இருக்கும். சந்தனம் இப்படி இருக்காது. எத்தனை வருஷம் பூசினாலும் சந்தனத்தால் இரும்பைக் கீற முடியாது. கிண்ணம் கால் மணியில் நிறைந்தது, சாம்பல் நிறம், ஐந்து நெற்றிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. நான் கட்டையை அரைக்கவில்லை. கல்லை அரைத்திருக்கிறேன். அதைத்தான் அண்ணன் பயபக்தியோடு தூணில் பூசியிருக்கிறார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். முதலாளி பத்தடி தள்ளி ஆபீஸில்தான் இருந்தார். சொல்லவில்லை. எனக்குப் பயம். அப்பா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் போதகர்தான் மேனேஜர். தமிழாசிரியர் மகன் ஆயுத பூஜைக்குச் சந்தனம் அரைத்துப் போதகரைப் பாதி வானத்திலிருந்து இறக்கினான் என்று சர்ச் முழுக்கப் பேசினால் அப்பா தலைகுனிந்து நிற்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. மீதி, என் ஃபோர்மேன் பதவி. வளையத்தைத் துணியில் சுற்றி மறைத்தேன். தோல் மக்கிப் போச்சு அண்ணா, வேறு போடணும் என்றேன்.

மவுண்ட் ரோடு ஏஜெண்டுக்கு எழுதியதில், பாகம் சீமையிலிருந்து வரவேண்டும், லைசென்ஸ் கிடைத்தால் ஆறு மாதம் என்று பதில் வந்தது. சுற்றிலும் தோல் பதனிடுகிற ஊர்களை வைத்துக்கொண்டு தோலுக்குச் சீமைக்குப் போவானேன் என்று பல்லாவரத்துக்குச் சைக்கிளை விட்டோம். அங்கே எருமைத்தோலில் செருப்பு தைக்கும் ஒருவர், நான் மண் போகக் கழுவியிருந்த எங்கள் வளையத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார்.

"இது எந்தக் காலுக்கு?" என்று கேட்டார்.

"லிஃப்ட்டுக்கு" என்றேன்.

"அப்போ ஒண்ணு போதும்" என்றார்.

முதல் வளையத்தை ஈரத்தோடு அளவெடுத்து வெட்டிவிட்டார். காய்ந்ததும் சுருங்கி, தூணின் தலைவழியாக இறங்க மறுத்தது. பத்து நாள் போனது. இரண்டாவதற்கு அவர் வழி சொன்னார். தோலை நனைத்து, தூணின் அளவுக்கே உள்ள ஓர் அச்சின் மேல் தொப்பிபோல் இழுத்துக் கட்டி, அச்சோடு காயவிட்டு, பிறகு உருக்கிய கொழுப்பில் ஊறவைத்து வெட்டவேண்டும். அச்சு எங்கே? கடைசல்காரரிடம் கேட்டால் கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வா என்றார்.

நான் காலிப்பரோடு வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தேன். எல்லாப் பாத்திரத்தையும் அளந்தேன். தவலை பெருத்தது, டிபன் கேரியர் சிறுத்தது, குடத்துக்கு இடுப்பு. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடம் மட்டும் பிள்ளைக்குச் சீக்கிரம் பெண் பார்க்கவேண்டும் என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

அளவு சரியாக இருந்த ஒரே பாத்திரம் முதலாளி வீட்டில் இருந்தது. அவர் மனைவி கிறிஸ்துமஸ் கேக் சுடும் வட்டத் தகரடப்பா. நேர்ச்சுவர், உருட்டு விளிம்பு இல்லை, தூணோடு மயிரிழை வித்தியாசம். இரண்டு நாளைக்கு என்று கேட்டு வாங்கினேன். எதற்கு என்று அந்த அம்மா கேட்டார். அளவுக்கு என்றேன். அந்த டப்பாவின் மேல் எருமைத்தோலை இழுத்துக் கட்டிக் காயவைத்து, மாட்டுக்கொழுப்பை உருக்கி ஊற்றினோம் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அந்த மாதம் நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

தோல் தயாரானாலும் தூணில் கீறல்கள் இருந்தன. அவற்றைச் சமன் செய்யாமல் புதுத் தோலை இறக்கினால் அதையும் தின்றுவிடும். மூன்று நாள் உட்கார்ந்து கையாலேயே தேய்த்தோம். எமரித் தாள் போதாத ஆழமான கீறலுக்குக் கல் வேண்டும். அண்ணன் கிடங்குக்குப் போய்ச் சாணைக்கல்லைக் கொண்டுவந்து, வழவழப்பான பக்கத்தில் எண்ணெய் விட்டு என்னிடம் நீட்டினார். நான் தேய்த்தேன். கல் சூடேறியதும் கொழுப்பு நாற்றத்துக்கும் எண்ணெய் நாற்றத்துக்கும் நடுவிலிருந்து சந்தனம் மணத்தது.

நான் நிமிரவில்லை. அண்ணன் கல்லுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார். அவர் மூக்கில் சளியாக இருக்கட்டும் என்று மனதுக்குள் ஜெபம் செய்தேன். அன்று அவர் போன பிறகு கல்லை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன், பெட்ரோலில் கழுவினேன், சோடா உப்பில் தேய்த்தேன். காய்ந்ததும் முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாசனையோடு சந்தனம்.

அட்வென்ட் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை தோல் வளையத்தைத் தூணின் தலைவழியாக இறக்கி, எட்டு போல்ட்டையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். சட்டத்தை மாட்டி, முதலாளியின் சொந்தக் காரையே ஏற்றி, தூணில் தரை மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம். ஞாயிறு ஆராதனை முடிந்து முதலாளி கோட்டோடு நேராகப் பட்டறைக்கு வந்தார். கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது.

"சரி, நீ இருந்துக்கோ" என்றார் அண்ணனிடம். அண்ணன் கும்பிட்டார். முதலாளி போகிற போக்கில் திரும்பி, "ஆனா இனிமே லிவரைத் தொடக் கூடாது. ஃபோர்மேன் பாத்துப்பான். நீ கழுவினா போதும்" என்றார்.

அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். வேலை போயிருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது. அப்போதாவது சொல்லியிருக்கலாம், அப்போதும் சொல்லவில்லை. திங்கட்கிழமை முதல் லிவரை நான் பிடித்தேன். அவர் காலையில் வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, தூணைத் துடைக்காமல் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கிறிஸ்துமஸ் கேக்கில் மாட்டுக்கொழுப்பும் புதுச் செருப்பும் கலந்த ஒரு வாசனை இருந்தது. முதலாளியின் மனைவி இந்த வருஷம் வெண்ணெய் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டினார். முதலாளி எல்லோர் முன்னாலும் போதகர் இறங்கிய கதையைச் சொன்னார், இப்போது சிரிப்பாக. "இவன் பூசின சந்தனத்துல ஐயா எறங்கியே வந்துட்டாரு" என்று அண்ணனைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஒரு வருஷம் இப்படியே போனது. யாராவது உளி தீட்டினால் கிடங்கில் லேசாகச் சந்தனம் மணக்கும், நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். ஒரு பழுதும் இல்லாமல் லிஃப்ட் ஓடியது. நான் லிவரைத் திருப்பினால் அது குலுங்கி எழும்பும். அவர் திருப்பினால் குலுங்காது. எப்படி என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. முதலாளி ஊரப்பாக்கம் கிளம்பினார், மேஜை மேல் பூசணிக்காயை மறந்தார். தூணுக்குச் சந்தனம் கூடாது என்று மட்டும் உத்தரவு. மறுநாள் காலை லிஃப்ட் அண்ணன் செய்தித்தாளில் சுற்றிய கனமான ஒன்றை என் மேஜை மேல் வைத்தார். பிரித்தேன். வட்டமான கல், நடுவில் தேய்ந்து குழிந்தது, ஓரமெல்லாம் பழைய மஞ்சள். பக்கத்தில் சந்தனக் கட்டை.

"இதுல அரை சார். இது மண்ணு வுடாது" என்றார்.

கல்லை மறுபடி காகிதத்தால் மூடினேன்.

"எப்ப தெரியும் அண்ணா?"

"தூணத் தேய்க்கசொல்லோ மணத்துச்சே. மறுநாள் வந்தா கல்லு முச்சூடும் கெர்சின் நாத்தம்."

"ஏன் சொல்லல?"

அவர் காகிதத்தைப் பிரித்துக் கல்லை மறுபடி வெளியே எடுத்தார்.

"எம்பொண்ணு உங்கப்பாகிட்டதான் படிக்குது சார். ஃபாதரு அவர இன்னான்னா கேட்டுட்டா? சரி, நீயே சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு வருசம் ஆச்சு. அரை, நாழியாவுது."

நான் அரைக்கவில்லை. சைக்கிளை எடுத்தேன். வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதலாளி தங்கை வீட்டு வராந்தாவில் ஆப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கல், கிண்ணம், நெற்றி, நான் மறைத்த தோல், கேக் டப்பாகூட. இங்கிலீஷ் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

"ஒரு வருஷமாவா?" என்றார்.

"ஆமா சார்."

"அவனுக்குத் தெரியுமா?"

"அப்பவே தெரியும் சார்."

தட்டைக் கீழே வைத்தார். "அந்த ஆளை வெச்சு நான் கேக்குக்கு நடுவுல கதை சொல்லிச் சிரிச்சேன்" என்றார். கையைக் கழுவிக்கொண்டு காரை எடுத்தார். என்னை ஏறச் சொல்லவில்லை.

நான் சைக்கிளில் திரும்பி வந்தபோது அவர் கார் பட்டறை வாசலில் நின்றது. ஆயுத பூஜை அன்று அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாமல் ஒன்றை மட்டும் கழற்றியிருந்தார். மற்றவர்கள் பொரியை மறைப்பதா கொடுப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். தூண் முழு உயரத்துக்கு எழும்பி நின்றது, சந்தனம் இல்லாமல், வெறும் மாலையோடு. முதலாளி லிஃப்ட் அண்ணனைப் பார்த்துத் தமிழில், சின்ன வாக்கியமாகச் சொன்னார்.

"நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கோப்பா. லிவர் உன்னோடதுதான்."

அண்ணன் பொரித் தட்டை நீட்டினார். முதலாளி ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் இங்கிலீஷ் வந்தது. நான்கு பஸ் போயிற்று. சாராம்சம், அடுத்த ஆயுத பூஜை வரை நான் கார் கழுவவேண்டும்.

மறுநாள் விடுமுறை. அதற்கடுத்த காலை அண்ணன் வந்தார், சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் தூணைத் துடைத்தார். நான் வாளியும் குழாயுமாக நின்றேன். முதல் வண்டி ஒரு டாக்ஸி. அவர் லிவரைத் திருப்பினார். குலுங்காமல் எழும்பியது. நான் அதற்குக் கீழே போய், போன வருஷம் அவர் நின்ற அதே இடத்தில் நின்று, அண்ணாந்து தண்ணீர் அடிக்க ஆரம்பித்தேன். தலைக்கு மேல் ஒரு டன் இரும்பு. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது நாங்கள் கேக் டப்பாவில் செய்த எருமைத்தோல் ஒன்று, லிவரில் அவர் கை ஒன்று.

"சார்" என்றார் அண்ணன் லிவரிலிருந்து கையை எடுக்காமல். "தலைல இன்னாமோ தட்டிச்சின்னா ஒடனே சொல்லிடு. ஒரு வருசம் பாத்துகினு இருக்காத."